ஏழாம் வார்டில் ஆண்ட்ரோமீடா

கேமராவின் சின்னத் திரையில் ஆண்ட்ரோமீடா நட்சத்திர மண்டலம் இருக்கவேண்டிய இடத்தில் மோரைக் கொட்டினாற்போல ஒரு வெள்ளை பரவிக் கிடந்தது. நீது லென்ஸைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தாள். இன்னொரு தம்ளர் மோர். தொலைநோக்கியில்தான் ஏதோ கோளாறு என்று திருகாணிகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு தலையை நிமிர்த்தியபோதுதான் விஷயம் விளங்கியது. மதிலுக்கு வெளியே, அவள் கல்யாணமாகி வந்த நாள்முதல் மொட்டையாகவே நின்ற மின்கம்பத்தில் புதிதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மொட்டைமாடியின் ஓரத்துக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

"சேட்டா, இந்த லைட்டு எப்ப வந்தது?"

முற்றத்தில் சீரியல் பல்புச் சரத்தின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தீபு நிமிரவில்லை. "எந்த லைட்டு? இஞ்ச கிடக்கது முழுக்க லைட்டாக்கும்."

அதுவும் நியாயம்தான். தீபு 'லைட் அண்ட் சவுண்ட்' கடை வைத்திருந்தான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எந்தக் கோயிலில் கொடியேறினாலும், எந்தத் தேவாலயத்தில் திருவிழா வந்தாலும் அங்கே மினுங்குவது தீபுவின் பல்பாகத்தான் இருக்கும். நீது நெய்யாற்றின்கரையில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள். மயிரிழை முறிவைக்கூட மங்கலில் கண்டுபிடித்துவிடும் கண் அவளுக்கு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் ஆகாயத்தைப் படம்பிடிக்கத் தொடங்கி நாலைந்து வருஷமாகிறது. வெளிச்சத்தை வாடகைக்கு விடுகிறவனும் இருட்டைத் தேடி அலைகிறவளும் ஒரே கூரையின்கீழ் அதுவரை சண்டையில்லாமல்தான் இருந்தார்கள். காரணம், தீபுவின் விளக்குகள் எல்லாம் மற்றவர்கள் வீட்டில் எரிந்தன.

இப்போது இந்தக் கம்பத்து விளக்கு வந்திருப்பது, வரக்கூடாத நேரத்தில்.

நெய்யாற்றின்கரையில் வான்பார்வையாளர் குழு ஒன்று உண்டு. ஜனவரிக் கடைசியில் டவுனில் படக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. செயலாளர் ஜெயன் பெரிய தொலைநோக்கியைக் காரில் ஏற்றிப் பொன்முடி மலைக்குப் போய்ப் படமெடுப்பவர். 'நம்ம கேலக்ஸிக்கு வெளியே' என்று தலைப்பிட்டு ஒரு சுவரைத் தமக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார். அதைப் பார்த்த நீது குழுவின் வாட்ஸப்பில் ஒரு வரி போட்டாள்: ஆண்ட்ரோமீடாவில் இருக்கும் ஒரு நட்சத்திரக் கொத்தை நான் என் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே எடுத்துத் தருகிறேன்.

ஜெயன் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "நீது, ஒனக்க வீடு கடலோரம். வடமேற்க விழிஞ்ஞம் துறைமுகத்து வெட்டம். சுத்தி எல்லா வீட்டுலயும் கிறிஸ்மஸ் ஸ்டாரு. அங்க நின்னு வேற கேலக்ஸியில உள்ள கொத்த எடுக்கப்போறியா? மல்லிகைக் கொத்து வேணும்னா கிட்டும்."

வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் வெட்டம் என்றுதான் பேர்.

"சுவரை ஒழிச்சு வைங்க," என்றாள் நீது.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னாள். அந்தக் கொத்து ஆண்ட்ரோமீடாவின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பது. பல லட்சம் நட்சத்திரங்கள் ஒரு பந்தாகச் சேர்ந்து உருண்டு நிற்கின்றன. இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டு தூரத்திலிருந்து பார்க்கும்போது அத்தனையும் ஒரு மங்கல் பொட்டு. அந்தப் பொட்டுக்கு வேண்டியது பெரிய தொலைநோக்கி இல்லை, பொறுமையும் ஒரு ஒன்றரை மணி நேர இருட்டும். துறைமுகத்து வெளிச்சத்தைப் பக்கத்துத் தென்னந்தோப்பு மறைத்துவிடும். கம்பத்தில் பல்பு கிடையாது. டிசம்பரில் ஏழு மணிக்கே ஆண்ட்ரோமீடா உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே வந்து நிற்கும். எல்லாம் அவள் பக்கம் இருந்தன, இந்த விளக்கு வரும்வரை.

எதிர்வீட்டு முற்றத்தில் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்த அல்போன்சம்மா நிமிர்ந்து பார்த்தாள். மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவர் உயரமானது. கீழேயிருந்து பார்த்தால் நீதுவின் தலையும், தொலைநோக்கியில் தட்டும் என்று மாலையைக் கழற்றிவைத்த கழுத்தும், அவள் நெற்றியில் கட்டியிருந்த சின்னச் சிவப்பு விளக்கும்தான் தெரியும். வெள்ளை விளக்குப் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும் என்பதால் படமெடுப்பவர்கள் எல்லாரும் சிவப்பைத்தான் கட்டுவார்கள்.

"மக்களே, ஏதும் தெரியுதா?" என்று அல்போன்சம்மா கேட்டாள். மகளை அழைப்பதுபோல் யாரையும் அவள் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவாள்.

"இந்த வெட்டத்துல என்னத்தத் தெரியும் மாமி?"

"அதும் செரிதான்," என்று கூட்டின் கதவைச் சாத்தினாள் அல்போன்சம்மா.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் நீது வார்டு மெம்பர் ஷிஜியின் வீட்டுக்குப் போனாள். குடிநீர்க் குழாய்க்காகவும் பென்ஷனுக்காகவும் ஆட்கள் காத்திருந்தார்கள். தன் முறை வந்ததும் நீது நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஷிஜி சேச்சி, எனக்க வீட்டு முன்ன போட்ட லைட்டைக் கழத்தணும்."

ஷிஜி கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தாள். "நான் மெம்பராகி இத்தன காலத்துல லைட்டு வேணும்னு வந்தவங்க உண்டு. லைட்டு எரியல்லன்னு வந்தவங்க உண்டு. லைட்டு எரியுதுன்னு வந்த ஆளு நீதான் நீது."

"அங்க லைட்டு வேணும்னு கேட்டது ஆரு?"

"பேரு பறையக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு. ஒரு நல்ல காரியத்துக்காக்கும்."

"ஒரு ஒன்றரை மணிக்கூறு மட்டும் அணைக்க முடியுமா?"

"ஒண்ண அணைச்சா சந்தி வரைக்கும் எல்லாம் அணையும். பின்ன ஊரு எனக்க வீட்டு நடையில நிக்கும்." ஷிஜி அடுத்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

நீது சோர்ந்துபோகிற ரகமில்லை. விளக்கை அணைக்க முடியாவிட்டால் மறைக்கலாம். தீபுவின் ஷெட்டில் பழைய ஃப்ளெக்ஸ்கள் மலைபோல் கிடந்தன. அவற்றில் பெரிதாகப் பார்த்து ஒன்றை எடுத்து, இரண்டு இரும்புக் குழாயில் கட்டி, மொட்டைமாடியின் வடக்கு ஓரத்தில் நிறுத்தினார்கள். யாருடைய ஃப்ளெக்ஸ் என்று இருவரும் கவனிக்கவில்லை. விளக்கு எரிந்ததும் ஊரே கவனித்தது. ஃப்ளெக்ஸ் வெளிச்சத்தை மறைப்பதற்குப் பதிலாகக் குடித்துத் தானே எரிய ஆரம்பித்துவிட்டது. மாலையும் கழுத்துமாக 'லிஜோ வெட்ஸ் ஸ்டெஃபி' ஜோடி, வீட்டுக்கு மேலே ஆகாயத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது. முன்பு ஒரு பல்பு எட்டிப்பார்த்த இடத்தில் இப்போது ஒரு சினிமாத் திரை. காற்றடித்தபோது குழாய் ஆட, மாடி ஆட, தொலைநோக்கியும் ஆடியது. அன்றைக்கு எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் மண்புழுவைப்போல் நெளிந்தன.

ஃப்ளெக்ஸைப் பிரிக்கும்போது வாசலில் பைக் வந்து நின்றது. லிஜோதான்.

"சேச்சி, அதை அவுக்கவேண்டாம். ஒரு ரெண்டு நாள் அங்கயே நிக்கட்டும்."

"என்னத்துக்கு?"

"ஸ்டெஃபி எனக்கிட்டப் பிணங்கி அவளுக்க வீட்டுக்குப் போயிருந்தா. இன்னைக்குப் பஸ்ஸுல போகும்போது இதைக் கண்டிருக்கா. நானாக்கும் வச்சதுன்னு நினைச்சுத் திரும்பி வந்துட்டா." லிஜோ தயங்கினான். "நான் இல்லன்னு பறையல்ல."

ஆக, ஃப்ளெக்ஸால் ஒரு குடும்பம் ஒன்றுசேர்ந்தது. ஆண்ட்ரோமீடாவுக்குத்தான் பலனில்லை. இரண்டு நாள் கழித்து ஃப்ளெக்ஸை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த சாயங்காலம் நீது மாடியேறினால், கம்பத்தில் பழைய விளக்கு இல்லை. அந்த இடத்தில் முறம் அளவுக்கு ஒரு ஃப்ளட் லைட். அதன் வெளிச்சத்தில் மாடியில் ஊர்ந்த எறும்பைக்கூட எண்ணலாம்.

"மெம்பருக்கு எனக்கிட்ட வீம்பாக்கும்," என்றாள் நீது.

"நல்ல லைட்டாக்கும்," என்றான் தீபு, தொழில் தெரிந்தவன் என்ற முறையில். நீது பார்த்த பார்வையில், "தப்பான இடத்துல போட்டுட்டானுவ," என்று சேர்த்துக்கொண்டான்.

தெருவிளக்குப் பராமரிப்பைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவன் தீபுவின் பழைய கூட்டாளி நிஜின். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். நீது அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நிஜினே, கழத்த வேண்டாம். தலையை மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பி விடு."

"அதுக்கு ஆருக்கிட்டயும் கேக்கவேண்டாம் சேச்சி. காத்துல திரும்பிட்டுன்னு பறயலாம்." நிஜின் ஏணியைச் சாத்தி ஏறி விளக்கின் தலையைத் திருப்பினான். வெளிச்சம் எதிர்ப்பக்கம் பாய்ந்து அல்போன்சம்மாவின் கோழிக்கூட்டில் விழுந்தது. கோழிகள் விடிந்துவிட்டதாக நம்பிக் கூவின. நீதுவின் மாடியில் அரைகுறை இருட்டுக் கிடைத்தது. அன்று மேகம்.

அடுத்த நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நீது உற்சாகமாக மாடியேறினாள். திருப்பிவிட்ட விளக்கு திரும்பிய இடத்திலேயே எரிந்தது. அதன் முதுகோடு முதுகாக இன்னொரு ஃப்ளட் லைட் அவள் வீட்டைப் பார்த்து எரிந்தது.

நிஜினைப் போனில் பிடித்தாள். "எலே, என்னடே இது?"

"நான் என்ன செய்ய சேச்சி? அந்தப் பக்கம் மட்டும் வெட்டம் போனா போராது, இந்தப் பக்கமும் கட்டாயம் வேணும்னு மெம்பர் சொல்லியாச்சு. ஒண்ணுக்கு ரெண்டா மாட்டச் சொன்னாங்க."

எதிர்வீட்டிலிருந்து அல்போன்சம்மாவின் குரல் வந்தது. "மக்களே, இப்ப எப்பிடி உண்டு?"

"முன்னத்தவிட மோசம் மாமி. சுத்தமா ஒண்ணும் தெரியல்ல."

"மாதாவே," என்றாள் அல்போன்சம்மா. அதில் கேலியில்லை, நிஜமான சங்கடம் இருந்தது. "நீ விட்டுராதே மக்களே. தேடினா கிட்டாம இருக்காது."

"கிட்டாம விடமாட்டேன் மாமி."

நீதுவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. செயலாளர் சிரிக்கிறார், மெம்பர் வீம்பு பிடிக்கிறாள், கட்டின புருஷன் விளக்கைப் பார்த்துச் சப்புக்கொட்டுகிறான். ஆகாயத்தில் ஒரு பொட்டைத் தேடுகிறவளின் பாடு தெரிந்தது இந்த ஏழாம் வார்டில் அல்போன்சம்மா ஒருத்திக்குத்தான். பாவம், மூட்டுவலியால் படியேற முடியாது. இல்லாவிட்டால் மாடிக்கே கூட்டிக்கொண்டு வந்து சனிக்கோளின் வளையத்தைக் காட்டியிருப்பாள்.

அதற்குள் டிசம்பர் பாதி போய்விட்டது. ஆண்ட்ரோமீடா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே சரியத் தொடங்கியிருந்தது. இன்னும் சரிந்தால் தென்னந்தோப்பு துறைமுக வெளிச்சத்தோடு சேர்த்து ஆண்ட்ரோமீடாவையும் மறைத்துவிடும். ஆள் ஆளாகப் பிடித்துப் பயனில்லை, ஊரையே விளக்குக்கு எதிராகத் திருப்பவேண்டும் என்று நீது முடிவு செய்தாள். அதற்கு வாகான ஆள் அல்போன்சம்மாவின் புருஷன் யேசுவடியான். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவர் வேலையே நியூஸ் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். காலையில் பால் வாங்க நிற்கும்போது ஒரு விஷயத்தை அவர் காதில் போட்டால் மத்தியானத்துக்குள் அதியன்னூர் தாண்டிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் மட்டும் வாயைப் பூட்டிவிடுவார். சொந்தப் பெண்டாட்டிக்கே ஊர் விஷயம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும்.

"மாமா, இந்த லைட்டு வந்தபிறகு பூச்சி கூடுதலா வருதுல்லா?" என்று பால் பாத்திரத்தோடு தொடங்கினாள் நீது.

"உண்டு உண்டு."

"பூச்சியைத் தின்ன என்ன வரும்?"

"தவளை."

"தவளையைத் தின்ன?"

யேசுவடியானின் முகம் மாறியது. "பாம்பு."

"நான் ஒண்ணும் பறயல்ல," என்று நீது பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி ஊரே போய் விளக்கைக் கழற்றச் சொல்லும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

பத்துமணிக்கு, நீதுவின் முற்றத்தில் பாம்பைக் கண்டதாகச் செய்தி வந்தது. கிளினிக்கில் அதைக் கேட்டவள் நீதுவேதான். மத்தியானம் பாம்பு இரண்டாகிவிட்டது. நாலுமணிக்குத் தெருக்கோடி ராஜன் சார் வீட்டுக் கிணற்றில் நல்லபாம்பு குடும்பத்தோடு இருந்தது. சாயங்காலம் ஊர் திரண்டு ஷிஜி மெம்பரின் வீட்டு முற்றத்தை நிறைத்தது. நீது பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஊரின் கோரிக்கையை யேசுவடியான் முழங்கிக்கொண்டிருந்தார்.

"பாம்பு நடமாடுத இடமாக்கும். மிதிச்சபிறகு பாத்து என்ன பிரயோஜனம்? எங்களுக்கு இந்த லைட்டு போராது. நல்ல வெட்டம் வேணும்."

"வேணும்," என்றது கூட்டம்.

விஷயம் நீது நினைத்ததைவிட வேகமாக நடந்தது. மினி மாஸ்ட் விளக்கு ஒன்று, நாலு தலையுள்ளது, ரொம்ப நாளாக நாட்டப்படாமல் கிடந்தது. ஆறாம் வார்டும் ஏழாம் வார்டும் எனக்குத்தான் உனக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்ததில் யாருக்கும் இல்லாமல் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. பாம்பு அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது. கிறிஸ்மஸ் முடிந்த வாரமே நீதுவின் கேட்டுக்கு முன்னால் குழி தோண்டி, காங்கிரீட் போட்டு, தென்னைக்குச் சமமாக மாஸ்டை நிறுத்திவிட்டார்கள். திறப்புவிழாவுக்கு மைக் செட் தீபுவுடையது.

"அட்வான்ஸ் வாங்கியாச்சு," என்றான் தீபு மெதுவாக. "நான் வேண்டாம்னு சொன்னா வேற ஆள விளிப்பாங்க."

நீது தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த நேரத்தில்தான் ஷிஜி மெம்பர் நிஜினோடு வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீது, பாம்பு விஷயத்தை முதல்ல பறஞ்சது நீயாக்கும்னு யேசுவடியான் அண்ணன் சொல்லியாச்சு. அன்னைக்கு லைட்டு வேண்டாம்னு வந்த பிள்ளை, இன்னைக்கு நாட்டுக்காரங்களுக்காக மனசு மாறியிருக்கு. அதனால, ஸ்விட்ச் போட்டுத் திறந்து வைக்கதும் நீதான்."

தீபுவுக்குப் புரையேறியது. முடியாது என்று சொல்ல நீது வாயெடுத்தாள். எடுத்த வாய் பாதியில் நின்றது. எக்ஸ்ரேயில் ஒரு கோடு கண்ணில் பட்டால் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"ஸ்விட்ச் எங்க இருக்கும் சேச்சி?"

"அதாக்கும் ஒரு தொல்லை," என்று ஷிஜி நாற்காலியில் உட்கார்ந்தாள். "தானா எரியத டைமர் இன்னும் வரல்ல. வரதுவரைக்கும் ஆராவது நித்தமும் போட்டு அணைக்கணும். பெட்டியைத் தன் மதில்ல வைக்க ஆரும் சம்மதிக்கல்ல. ஷாக் அடிக்குமாம்."

"எனக்க மதில்ல வைங்க."

"நீயே போட்டு அணைப்பியா?"

"மழையானாலும் வெயிலானாலும்." நீது நிஜின் பக்கம் திரும்பினாள். "கம்பத்துல உள்ள ரெண்டு லைட்டும் ஒண்ணு, மாஸ்ட் ஒண்ணுன்னு எதுக்கு? எல்லாத்தையும் ஒரே பெட்டியில கொடுத்தா நல்லதுல்லா?"

"கொடுக்கலாம் சேச்சி. வயரும் லாபம்," என்றான் நிஜின், முடியாது என்று சொல்லத் தெரியாதவன்.

ஷிஜி நெகிழ்ந்துபோய் நீதுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தீபு மட்டும் பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். எட்டு வருஷம் கூட வாழ்ந்தவன் அல்லவா.

திறப்புவிழாவுக்கு வார்டில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அல்போன்சம்மா இல்லை. மகள் ஷைனாவுக்குப் பிரசவம் என்று கோட்டுகாலுக்குப் போயிருந்தாள். நீது ஸ்விட்சைப் போட்டாள். நாலு தலையும் சேர்ந்து எரிய, ஏழாம் வார்டு முழுக்கப் பகலானது. கைதட்டல் அடங்குவதற்குள் நீது மைக்கைக் கையில் எடுத்தாள். ஒளித்துச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"நித்தமும் இருட்டுமுன்ன நான் லைட்டைப் போடுவேன். ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் அணைச்சு வைப்பேன். எனக்கு ஆகாயத்தைப் படமெடுக்க இருட்டு வேணும். எட்டரைக்குப் பிறகு விடியது வரைக்கும் எரியும். மாடியில வந்து பாக்க விருப்பமுள்ளவங்க வரலாம்."

கூட்டம் முணுமுணுத்தது. யேசுவடியான் எழுந்தார். "அப்ப பாம்பு?"

"மாமா, ஏழுலயிருந்து எட்டரை வரைக்கும் நீங்க எல்லாரும் எங்க இருப்பீங்க?"

யேசுவடியான் யோசித்தார். "சீரியல் பாத்துட்டு வீட்டுக்குள்ள இருப்போம்."

"அந்நேரம் ரோட்டுல பாம்பு மட்டுந்தான் இருக்கும். அதுக்கு எதுக்கு லைட்டு?"

பின்வரிசையிலிருந்து லிஜோவும், அவன் தோளில் சாய்ந்தபடி ஸ்டெஃபியும் பலமாகக் கைதட்ட, மற்றவர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். ஷிஜி மெம்பர் தலையாட்டிவிட்டாள்.

ஜனவரி அமாவாசையை ஒட்டி வானம் திறந்தது. ஏழு மணிக்கு நீது மதிலில் இருந்த பெட்டியைத் திறந்து ஸ்விட்சைத் தட்டினாள். மாஸ்ட் அணைந்தது, கம்பம் அணைந்தது, சந்திவரை தெரு அணைந்தது. மாடியேறி நிமிர்ந்தபோது, அந்த வீட்டுக்கு மேலே இத்தனை நட்சத்திரங்கள் இருக்கின்றன என்பதை அவளே மறந்துபோயிருந்தாள் என்று தெரிந்தது. கம்பத்தில் பல்பு இல்லாத காலத்திலும் சந்தியின் வெளிச்சம் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தென்னந்தலைப்புகளுக்கு மேலே, வடமேற்கில், வெறும் கண்ணுக்கே ஆண்ட்ரோமீடா ஒரு புகைத்திட்டாகத் தெரிந்தது.

கேமரா ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களை விழுங்கியது. எட்டரைக்கு விளக்கைப் போட்டுவிட்டு வந்து, எல்லாப் படங்களையும் லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தீபு தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். திரையில் முதலில் இரண்டு சின்ன நட்சத்திரங்கள் துலங்கின. அவை நம் மண்டலத்தைச் சேர்ந்தவை, வெறும் காவல்காரர்கள். அவற்றை ஒட்டி ஊசிமுனைபோல் இல்லாமல், ஓரம் கலைந்து, உருண்டையாக ஒரு பொட்டு வந்தது. நீது அதைப் பெரிதாக்கினாள். பொட்டு பொட்டாகவே நின்றது.

"இதுக்காக்குமா இவ்வளவும்?" என்றான் தீபு.

"இதுக்காக்கும்."

"இந்தப் பொட்டுல எத்தன நட்சத்திரம் இருக்கும்?"

"பல லட்சம்."

தீபு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுகூட ஃப்யூஸ் போகாம எரியுதே," என்றான் கடைசியில். அவன் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு வரமுடியாது என்று நீதுவுக்குத் தெரியும்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. ஜெயன் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு சட்டத்தில் இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டார். பிறகு தம் பொன்முடிப் படம் ஒன்றைத் தம் கையாலேயே கழற்றிப் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிட்டு, நீதுவின் படத்தை நடுவில் மாட்டினார்.

"கீழ என்ன எழுத? எடுத்த இடம்?"

"ஏழாம் வார்டு," என்றாள் நீது.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கையில் ஒரு பெட்டி லட்டு இருந்தது. முதல் லட்டு யாருக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சொந்த வீட்டுக்குள் நுழையாமல் நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். பேரப்பிள்ளை பிறந்த சந்தோஷத்தோடு கோட்டுகாலிலிருந்து அன்று காலையில்தான் திரும்பியிருந்த அல்போன்சம்மா, வாசலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கிட்டிச்சு."

அல்போன்சம்மாவின் எண்ணெய்க் கை அப்படியே நின்றது. "கிட்டிச்சா? சத்தியமா?"

"சத்தியமா. ரெண்டு மாசம் தேடினதுக்குப் பலன் கிட்டியாச்சு. விட்டுராதேன்னு எனக்கிட்டச் சொன்ன ஒரே ஆளு நீங்களாக்கும் மாமி. முதல் லட்டு ஒங்களுக்கு."

அல்போன்சம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. லட்டை வாங்கி மடியில் வைத்துவிட்டு, தெருவில் யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நீதுவின் கையைப் பிடித்து அருகில் இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ தாலிமாலையைக் காணாம அந்தச் சிவந்த வெட்டத்தை நெத்தியில வச்சிட்டு நித்தமும் இருட்டுல கிடந்து தேடுததைக் கண்டு மனசு பொறுக்காமலாக்கும் மக்களே, மெம்பர்கிட்டக் கெஞ்சிக் கெஞ்சி ஒவ்வொரு லைட்டா நான் போட வச்சது. தீபுகிட்ட நான் மூச்சு விடல்ல."